இரண்டு நிறத் தண்ணீர்

அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் துறையில் இன்றைக்கும் முதலில் வருவது அவருடைய கோபம்தான். கூட்டத்தின் நடுவில் எழுந்து போனது, சென்னையிலிருந்து வந்த பெரிய மனிதரின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டிக் கேட்டது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கிறது. சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். எதற்காகக் கோபப்பட்டார் என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனுஷி வாழ்நாள் முழுக்க ஒரே விஷயத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறார். விஷயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சண்டையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் புவியியல் பேராசிரியராக இருந்தார். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடுவார்கள். அதை அவர் தாங்கமாட்டார்.

குள்ளமான உருவம். கஞ்சி போட்ட காட்டன் புடவையை முழங்காலுக்குக் கீழ்வரை ஏற்றிச் செருகிக்கொண்டு, ஆண்கள் போடும் கான்வாஸ் ஷூவோடு உப்பளத்து வரப்பில் நடப்பார். கையில் எப்போதும் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் இருக்கும். பேசிக்கொண்டே ஆளுக்கு ஒரு கை கொடுப்பார். திட்டிக்கொண்டிருக்கும்போதும் கொடுப்பார். திட்டு வாங்குகிறவர் ஒரு கையில் கடலையை வைத்துக்கொண்டு விழிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் மரக்காணத்துக்குப் பக்கத்தில் பிரம்மதேசத்துக்காரி. கணினியில் வரைபடம் தயாரிக்கும் வேலை கற்று, அவருடைய ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டிப் போகும் ஒரு சாலையை உயர்த்தப் போகிறார்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்து வரைபடமாகத் தர வேண்டும். அதை வைத்துச் சாலைக்கு அடியில் எங்கெங்கே சிறுபாலம் வைப்பது என்று முடிவு செய்வார்கள். இதுதான் வேலை.

சேர்ந்த முதல் நாள், செயற்கைக்கோள் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். மழை விட்ட ஒரு காலையில் எடுத்தது. பாத்திகளுக்கு நடுவே தண்ணீர் கோடு கோடாகக் கிழக்கே, கழிமுகத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி கடலுக்குப் போகுது மேடம்" என்றேன்.

"சரி. வேற யாரு பாத்தாங்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். "படம் பாத்துச்சு. நீ பாத்த. வேற யாரு பாத்தாங்க?"

அந்தக் கேள்வியை அவர் எல்லோரிடமும் கேட்பார். பேராசிரியர்களிடம் கேட்பார், மீனவர்களிடம் கேட்பார், தான் எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டுத் தன்னிடமே கேட்டுக்கொள்வார். நம்மை நம்பவில்லை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். அது ஒருவிதத்தில் உண்மைதான். தனியாக நின்று பார்த்த எவரையும் அவர் நம்பவில்லை.

அப்படித்தான் எங்கள் குழு சேர்ந்தது. படங்களை ஆராய்வதற்குச் சென்னையிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கக் கிளியனூரிலிருந்து குமரவேல் சார் வந்தார், வேதியியல் ஆசிரியர். உப்பளத்தில் வேலை செய்யும் சரோஜாக்காவும், கழிமுகத்தில் படகு வைத்திருந்த அந்தோணியும் இருந்தார்கள். வழி காட்டவோ டீ வாங்கி வரவோ அல்ல, ஆய்வில் பங்கெடுக்கவே அவர்கள் வந்தார்கள் என்பதை மேடம் எங்கள் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிட்டார்.

சரோஜாக்கா ஆரம்பத்தில் அவரிடம் எதிர்த்தே பேசவில்லை. "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா கரெக்டாத்தாம்மா இருக்கும்" என்றார். அன்றைக்கு மேடத்துக்கு வந்த கோபம் மாதிரி நான் பார்த்ததில்லை.

"என்கிட்ட இப்படிப் பேசாதீங்க சரோஜா. இப்படிப் பேசிப் பேசித்தான் எங்கள எல்லாம் கெடுத்து வச்சிருக்கீங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க."

சரோஜாக்கா கொஞ்ச நேரம் கடலையை மென்றார். பிறகு, "அப்ப தப்புங்க. தண்ணி கடலுக்குப் போவல. கடல்லருந்துதான் எங்க தெருவுக்கு வந்துச்சு. போன மழைல இடுப்பளவு தண்ணில நின்னவ நானு" என்றார்.

சென்னைக்காரர் சிரித்துவிட்டார். "பயத்துல அப்படித் தோணும். படம் தெளிவா இருக்குதே."

அந்தச் சிரிப்பிலிருந்து தொடங்கிய சண்டை வாரக்கணக்கில் நடந்தது. மேடம் அதை நடக்கவிட்டார். பழைய ஃப்ளெக்ஸ் பேனர்களைக் கேட்டு வாங்கி, பின்பக்க வெள்ளை மேலே வரும்படி உப்புக் கொட்டகையின் தரையில் விரிப்பார். யாருடைய காதணி விழாவோ அடியில் தலைகீழாகக் கிடக்கும். அதன்மேல் எல்லோரையும் முட்டி போட வைத்து வரையச் சொல்வார். சென்னைக்காரர் நீல மார்க்கரால் வரைவார். சரோஜாக்கா சிவப்பால் வரைவார். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகும். "அழிக்கக் கூடாது. ரெண்டும் இருக்கட்டும்" என்பார் அவர்.

பிறகு தெருப் பள்ளங்களில் இன்னும் தேங்கி நின்ற தண்ணீரைக் குமரவேல் சார் சோதித்தார். அது கடல் தண்ணீர் இல்லை. உப்பு கொஞ்சம்தான் இருந்தது. பெரும்பாலும் மழைத்தண்ணீர். ஆக, சரோஜாக்கா நம்பியதும் சரியில்லை. அந்த முடிவைக் குமரவேல் சார் மேடத்தின் காதருகே குனிந்து, தணிந்த குரலில், ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஏன் என் காதுல சொல்றீங்க? அது அவங்க தெருத் தண்ணி. அவங்களப் பாத்துச் சத்தமா சொல்லுங்க. தமிழ்ல சொல்லுங்க."

கொட்டகை முழுக்கக் கேட்டது. குமரவேல் சார் முகம் சிவந்துபோய், புட்டிகளை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மென்மையான மனிதர். அன்றைக்கு எனக்கு மேடம் மேல்தான் எரிச்சலாக இருந்தது. நல்ல காரணத்துக்காகக் கத்தினாலும் கத்தல் கத்தல்தான்.

மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறி கிளியனூருக்குப் போனார். குமரவேல் சாரின் மனைவி காப்பி கொடுத்தார். மேடம் டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "சார், நான் கத்தினது தப்பு. சொன்னது தப்பில்ல."

"அத்தன பேரு முன்னாடி கத்திட்டீங்களே மேடம்."

"அத்தன பேரு முன்னாடி சொல்லுங்கன்னுதான சார் நானும் கத்தினேன்."

குமரவேல் சாரால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த நாள் வந்து, சரோஜாக்காவின் எதிரில் உட்கார்ந்து, உப்பு எவ்வளவு இருந்தால் கடல் தண்ணீர், எவ்வளவு இருந்தால் மழைத்தண்ணீர் என்று தமிழில் சொன்னார். சரோஜாக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "மழைத்தண்ணின்னா ஏன் சார் கடல் பக்கத்துலருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

ஓரமாக உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தோணிதான் தலையை நிமிர்த்தினார். "சார், இந்தப் படம் எப்ப எடுத்தது?"

சென்னைக்காரர் தேதியையும் நேரத்தையும் சொன்னார்.

"அப்ப கடல் வத்திக்கினு இருந்துச்சு. அதான் தண்ணி வெளிய ஓடுது. இதே படத்த சாயங்காலம் எடுத்திருந்தா வேற மாதிரி இருக்கும். கடல் ஏறும், வாடைக்காத்தும் சேந்து அடிக்கும், வெளிய போன தண்ணி அப்படியே திரும்பி வரும்."

பிறகு சென்னைக்காரரே மடிக்கணினியைத் திறந்து, வேறு நேரத்தில் எடுத்த படங்களைத் தேட ஆரம்பித்தார். மேகத்தை ஊடுருவி எடுத்த ஒரு படம் கிடைத்தது. அந்தோணி சொன்னபடியே தண்ணீர் மேற்கே, குடியிருப்பைப் பார்த்து ஏறியிருந்தது. ஆனால் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று அந்தோணி சொன்ன கணக்கு தப்பாக இருந்தது. அவர் நினைத்ததைவிட நிறைய தூரம் ஏறியிருந்தது. கழிமுகத்தில் இருப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாதே. அதைச் சரோஜாக்காவின் தெருச் சுவர்களில் இருந்த கறையை வைத்துத்தான் சரிபார்த்தோம். மழைத்தண்ணீர்தான். ஆனால் கடல் பிடித்துத் தள்ளிய மழைத்தண்ணீர். ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு துண்டு தெரிந்திருந்தது, ஆளுக்கொரு இடத்தில் தப்பும் இருந்தது.

அன்றைக்கு மேடம் திட்டவே இல்லை. பொட்டலத்தில் மிச்சமிருந்த கடலை எல்லாவற்றையும் பேனரின் மேல் கொட்டிவிட்டு, "சாப்பிடுங்க" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம் ஒன்று சொன்னார். அவர் படித்த காலத்தில் பெண்களை வெளியே ஆய்வுக்கு அனுப்பமாட்டார்களாம். பையன்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து குறிப்பைக் கொடுப்பார்கள், இவர் அறைக்குள் உட்கார்ந்து மை தொட்டு வரைவார். "ஒரு ஆத்த நான் வரைஞ்சேன்மா. புஸ்தகத்துலயும் வந்துச்சு. அப்புறம் ஒருநா போய்ப் பாத்தா, அங்க ஆறே இல்ல. பாத்துட்டு வந்தவன் கவனமா எழுதல. வரைஞ்சவ பாக்கல. ரெண்டு பேரும் ஒருநா சேந்து போயிருந்தா போதும். எங்க விட்டாங்க?" சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருடம் கழித்தும் அந்த இல்லாத ஆறு அவரை விடவில்லை.

எங்கள் வரைபடம் இரண்டு நிறத்தில் தயாரானது. கடல் வற்றும்போது தண்ணீர் போகும் வழி நீலம், கடல் ஏறும்போது திரும்பி வரும் வழியும், அது வடிவதற்குத் தெற்கே இருந்த பழைய ஓடையும் சிவப்பு. கீழே எல்லோருடைய பெயர்களும் ஒரே அளவு எழுத்தில். அதை எடுத்துக்கொண்டு, எங்கள் ஆய்வை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழுவின் முன் போனோம். சரோஜாக்காவையும் அந்தோணியையும் உள்ளே விடவில்லை. வராந்தாவில் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். நானும் குமரவேல் சாரும் மேடத்துக்குப் பின்னால் நின்றோம்.

தலைமை வகித்தவர் வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தார். "முடிவா தண்ணி எங்கதான் மேடம் போகுது? கிழக்கயா, மேற்கயா?"

"ரெண்டு பக்கமும் சார். நேரத்தப் பொறுத்தது."

"ரோடு போடுறவங்களுக்கு ஒரு அம்புக்குறி போதும். இப்படிக் குழப்பினா எப்படி?"

மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்னைக்காரர் அப்போது சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "சிவப்புக் கோடெல்லாம் ஊர்க்காரங்க ஃபீலிங் சார். டேட்டான்னு பாத்தா நீலம்தான்."

மேற்கே ஏறிய தண்ணீரின் படத்தைத் தேடி எடுத்தவரே அவர்தான். மேடம் கையை நீட்டியது இந்த இடத்தில்தான். "இந்த மனுஷன் எங்ககூட முட்டி போட்டு வரைஞ்சவரு. அந்தப் படத்த எடுத்துக் குடுத்ததே இவரு. இப்ப யாருக்குப் பயந்து இப்படிப் பேசுறாரு?"

பிறகு வரைபடத்தின் கீழே இருந்த பெயர்களுக்கு வந்தார்கள். சரோஜா, அந்தோணி என்பதற்குப் பதிலாக 'உள்ளூர் மக்கள்' என்று போட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

"உள்ளூர் மக்கள்னு யாருக்காவது அப்பா அம்மா பேரு வைப்பாங்களா சார்?" என்று மேடம் கேட்டார். கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுந்து வெளியே வந்தார். வராந்தாவில் பெஞ்சிலிருந்த இருவரிடமும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தோணி கேட்டுவிட்டு, "விடுங்க மேடம், எங்களுக்குப் பழக்கம்தான்" என்றார். அதற்கும் திட்டு வாங்கினார்.

பணிச்சுமை அதிகம் என்று காரணம் காட்டி மேடத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பணிச்சுமை என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. குமரவேல் சாரைக் கூப்பிடவே இல்லை. நீலக் கோடு மட்டும் இருக்கிற வரைபடம் சென்னைக்காரரின் பெயரில் வெளிவந்தது. நான் கணினியில் போட்ட ஒவ்வொரு கோடும் அதில் இருந்தது, பாதியைத் தவிர.

சாலை வேலை தொடங்கும் முன் மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மேடம் பஸ்ஸில் வந்தார். எங்கள் நால்வரையும் கூட்டிக்கொண்டு மேடைக்கு முன்னால் போய் நின்றார். அதிகாரி மைக்கில், "ஒருத்தர் மட்டும் சுருக்கமா சொல்லுங்கம்மா" என்றார்.

"ஆளுக்கொண்ணு தெரியும் சார். ஒருத்தர் மட்டும் சொன்னா பாதி பொய்யாப் போயிடும். ஒவ்வொருத்தரா சொல்றோம்."

"டைம் இல்லம்மா. உங்கள்ல நிபுணர் யாரோ அவங்க பேசட்டும்."

மேடம் பேசவில்லை. சரோஜாக்காவின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். சரோஜாக்கா வாயைத் திறப்பதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

சாலை உயர்ந்தது. சிறுபாலங்களைக் குடியிருப்புக்கு நேராக வைத்தார்கள், மழைநீர் அந்த வழியாக வெளியே போய்விடும் என்று. போனது. அடுத்த மழையில் கடல் ஏறியதும் அதே வழியாகத் திரும்பி வந்தது. மேற்கே ஏரிகளிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நடுவில் சரோஜாக்காவின் தெரு. படுத்த படுக்கையாக இருந்த அவர் கணவரைக் கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வீடுகளின் சுவர் விழுந்தது. தண்ணீர் வடியவே இல்லை. கடைசியில் அந்தோணியும் ஊர்க்காரர்களும் ஒரு பொக்லைன் வண்டியைக் கூட்டிவந்து, தெற்கே பழைய ஓடை இருந்த இடத்தில் சாலையை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் வடிந்தது. அந்தோணி மேல் வழக்குப் போட்டார்கள், அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக.

வரைபடத்தில் பாதியை அழித்தவர்கள்மேல் வழக்கு இல்லை. அழித்த பாதியைக் கடப்பாரையாலும் வண்டியாலும் திரும்ப வரைந்தவர்மேல் வழக்கு.

அதற்குப் பிறகுதான் மேடத்தைக் கூப்பிட்டார்கள். மரியாதையாகக் கார் அனுப்பினார்கள். அவர் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டதால் நான் அங்கே இருந்தேன். "மேடம், நீங்க உங்க பேர்ல ஒரு புது அறிக்கை குடுங்க. உடனே சரிபண்ணிடலாம்" என்றார்கள்.

"என் பேர்ல குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல சார். அந்தோணி மேல இருக்கற கேச எடுங்க. அப்புறம் எங்க எல்லாருக்கும் நாற்காலி போடுங்க, வர்றோம்."

அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை, அடுத்த மழை வந்துவிடும். வழக்கு வாபஸ் ஆனது. குழுவின் முன்னால் இந்த முறை சரோஜாக்காவும் அந்தோணியும் உட்கார்ந்தார்கள். குடியிருப்புக்கு நேராக இருந்த சிறுபாலங்களுக்குக் கடல் ஏறும்போது மூடுவதற்குக் கதவு வைத்தார்கள். தெற்கே சாலையை வெட்டிய இடத்தில் அகலமான பாலம் கட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்குள் தண்ணீர் வந்து நிற்கவில்லை. புது வரைபடமும் அச்சானது, இரண்டு நிறத்தில். கீழே மேடத்தின் பெயரும், அதற்குப் பக்கத்தில் 'குழுவினர்' என்றும் போட்டிருந்தார்கள். எனக்கு வந்த பிரதியில் தன் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு அனுப்பியிருந்தார். 'குழுவினர்' மட்டும் மிச்சம் இருந்தது.

ஓய்வு பெற்ற சில வருடங்களில் இதயக் கோளாறால் இறந்துபோனார். கல்லூரி அரங்கில் நினைவேந்தல் கூட்டம் வைத்தார்கள். படத்துக்கு மாலை, குத்துவிளக்கு, மேடையில் வரிசையாகப் பெரியவர்கள். சென்னைக்காரரும் இருந்தார். நரைத்துவிட்டார். அவர்தான் முதலில் பேசினார். "தனி ஒரு பெண்ணாக நின்று ஒரு ஊரையே காப்பாற்றியவர்" என்றார். அடுத்துப் பேசியவரும் "தனி ஆளாக" என்றார். அதற்கடுத்தவர் "துணைக்கு ஒருவரும் இன்றி" என்றார். கை தட்டினார்கள்.

கதவோரம் கடைசி வரிசையில் சரோஜாக்காவும் அந்தோணியும் குமரவேல் சாரும் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் பிடித்து வந்திருந்தார்கள். யாரும் அவர்களைப் பேசச் சொல்லவில்லை. நான் நடுவில் எழுந்துவிட்டேன். "ஐயா, அவங்ககூட வேல செஞ்சவங்க மரக்காணத்துலருந்து வந்திருக்காங்க. அவங்களப் பேச விடுங்க" என்றேன். தொகுத்துக்கொண்டிருந்தவர் கடிகாரத்தைக் காட்டி, நேரம் இல்லை என்று சைகை செய்தார்.

சரோஜாக்கா மேடைக்கு வரவில்லை. மைக்கும் கேட்கவில்லை. இருந்த இடத்திலேயே எழுந்து நின்றார். உப்பளத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது.

"அந்தம்மா தனியா ஒண்ணும் பண்ணலீங்க" என்றார். "எங்களோட சண்ட போட்டாங்க. நாங்களும் போட்டோம்."